வானோக்கிய கண்ணும் வழிநடந்த காலும்

திருவிழாக் காலத்தில் எம்பெருமான் திருவீதியில் எழுந்தருளும் வேளை. நாகசுரமும் மேளமும் முழங்க, கோஷ்டியார் முன்செல்ல, ஆயிரமாயிரம் கண்கள் வாகனத்தின்மீதே பதிந்திருக்கின்றன. அப்போது யாரோ ஒருவர் கையை உயர்த்தி, "கருடன்! கருடன்!" என்று கூவுகிறார். உடனே எல்லாத் தலைகளும் ஒருசேர நிமிர்கின்றன. செம்மேனியும் வெண்கழுத்துமாக ஒரு பருந்து, நீலவெளியில் சிறகசைக்காமல் வட்டமிடுகிறது. கைகள் தாமே குவிகின்றன. கன்னத்தில் போட்டுக்கொள்வாரும் உளர், கண்ணீர் துளிப்பாரும் உளர். சற்றுமுன்வரை இடித்தும் நெருக்கியும் நின்ற கூட்டம் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. பறவை மறைந்ததும், பின்னே திணறிக்கொண்டிருந்த மூதாட்டியை, முன்னே நின்ற இளைஞன் கைகொடுத்துத் தன் இடத்துக்கு அழைத்துக்கொள்கிறான்.

இந்த ஒரு கணத்தில் நிகழ்ந்தது யாது? வானத்தைப் பார்த்தால் மனம் இலேசாகும் என்பது குழந்தையும் அறிந்த செய்தி. ஆயினும் அதற்குள்ளே ஒரு தர்மசங்கடமும் மறைந்திருக்கிறது. வீட்டில் நோயாளி கிடக்கையில், வாசலில் கடன்காரன் நிற்கையில், அண்டை வீட்டு அடுப்பில் பூனை உறங்குகையில், ஒருவன் மொட்டை மாடியில் படுத்து விண்மீன்களை எண்ணிக்கொண்டிருந்தால், அது மனநலமா? மனச்சாட்சியின் உறக்கமா? அண்ணாந்து நடப்பவன் காலடிப் பள்ளத்தைக் காணான் என்பது உலகியல் அறிவு. வானை நோக்குதல் மனிதனைக் கடமையினின்று விலக்கும் மயக்கமா, அன்றிக் கடமைக்கே அவனைத் தகுதியாக்கும் மருந்தா என்பதே ஈண்டு ஆராயத்தக்க பொருள்.

இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பொதிகையில் பிறந்து கடலில் கலக்கும் தாமிரபரணியின் போக்கிலேயே, மலையடிவாரத்து விக்கிரமசிங்கபுரம் தொடங்கி ஆழ்வார்திருநகரி வரை நடந்தால், ஆற்றங்கரையே விடை கூறும்.

குனிந்த தலைகள்

விக்கிரமசிங்கபுரம் மலையின் நிழலில் வாழும் ஊர். மேற்கே பொதிகைத் தொடர் சுவர்போல் எழுந்து நிற்பதால், சமவெளி ஊர்களைவிட இங்கே கதிரவன் முன்னதாகவே மறைகிறான். மறைந்த பிறகும் அவன் விட்டுச்சென்ற ஒளி வானில் நெடுநேரம் தங்குகிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று மேகங்களை மலைமுகட்டுக்கு மேலே ஏற்றி, சாரலாக இந்தப் பக்கம் சிதறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கீழ்த்திசையிலிருந்து கருமேகம் திரண்டு வருகிறது. கார் சாகுபடிக்கும் பிசான சாகுபடிக்கும் இவ்வாற்றை நம்பியிருக்கும் உழவர் முதலில் ஏறிட்டுப் பார்ப்பது மேற்கு வானத்தையே. "மலையில் மழையா?" என்னும் ஒரு கேள்வியில் ஓராண்டுச் சோறு அடங்கியிருக்கிறது.

இத்தகைய வானத்தின்கீழ் வாழ்ந்தும், ஊரின் உழைப்பு பெரும்பாலும் தலைகுனிந்த உழைப்பாகவே இருந்துவந்தது. பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு 1880-களில் ஹார்வி நிறுவனத்தார் இங்கே நூற்பாலை அமைத்த நாள்முதல், தலைமுறை தலைமுறையாக இவ்வூரார் ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்தனர்; ஆலைச் சங்கின் ஓசைக்கே வீடு திரும்பினர். நூற்கும் கதிரைக் கண்டவர்கள் கீழ்த்திசைக் கதிரைக் காணாத நாள்கள் பல. வீட்டுத் திண்ணையிலோ, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையை வெட்டித் தூளை இட்டுச் சுருட்டி நூல் கட்டும் பீடித்தொழிலில் பெண்கள் காலைமுதல் மாலைவரை கழுத்து நிமிராமல் அமர்ந்திருப்பர். வயலில் நாற்று நடுவோரும் குனிந்தே நடுவர். இக்காலத்திலோ, உழைப்பு முடிந்த நேரத்திலும் தலை நிமிர்வதில்லை. கைப்பேசியின் சிறு வெளிச்சத்தை நோக்கி அது மீண்டும் கவிழ்கிறது.

குனிந்த தலை குற்றமன்று. உழைப்புக்காகக் குனிந்த தலை வணக்கத்துக்கே உரியது. ஆனால், பார்வை எப்போதும் ஒரு முழத் தொலைவுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்குமாயின், கவலையும் அந்த ஒரு முழத்துக்குள்ளேயே வந்து அமர்ந்துகொள்ளும். கண்ணுக்கு நேரே பிடித்த சுண்டுவிரல் பொதிகை மலையையே மறைத்துவிடும். விரலைச் சற்று விலக்கினால் மலை முழுதும் தெரியும். விரல் சிறுத்துவிடவில்லை, இருந்த இடம் மாறியது, அவ்வளவே. கவலையின் இயல்பும் அதுவே.

உடல் அறியும் வானம்

வானத்தின் உதவி மனத்துக்கு மட்டும் உரியதன்று. உடலும் அதனை வேண்டிநிற்கிறது. மனிதனின் விழித்திரையில் உருவங்களைக் காணும் அணுக்களையன்றி, பகலா இரவா என்று உணர்ந்து மூளைக்குச் சொல்லும் தனியொரு வகை நரம்பணுக்களும் உண்டு என்பதை 2002-ஆம் ஆண்டில் அறிவியலார் மெய்ப்பித்தனர். அவை காலையின் ஒளியைக் கண்டதும், மூளைக்குள் இருக்கும் நாழிகைவட்டில் சரிசெய்யப்படுகிறது. உறக்கத்தை வருவிக்கும் மெலட்டோனின் என்னும் சுரப்பு பகலில் அடங்கி, இரவில் உரிய வேளையில் எழுகிறது. உயிரணுக்களுக்குள் இக்கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வீட்டுக்குள் எரியும் விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவைத் தாண்டுவது அரிது. திறந்தவெளியின் பகல் வெளிச்சமோ எளிதில் பத்தாயிரம் லக்ஸைக் கடக்கும். ஆகையால்தான், அறைக்குள் எத்தனை விளக்கேற்றினும் உடல் அதனைக் காலை என்று நம்புவதில்லை. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கி, மீண்டும் இரவில் எழும் தொழிலாளியின் உடல் படும் துன்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பிள்ளைகளின் கண்ணுக்கும் வானமே காவல். சீன நாட்டின் குவாங்சோ நகரில் பள்ளிச் சிறுவர்களை இருபிரிவாக்கி, ஒரு பிரிவினரை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாடவிட்டு மூன்றாண்டுகள் கண்டனர். 2015-இல் வெளியான முடிவின்படி, வழக்கம்போல் இருந்த பிரிவில் 100 பேரில் ஏறத்தாழ 39 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வைக் குறை தோன்ற, வெளியில் விடப்பட்ட பிரிவில் அது 30 பேருக்கே தோன்றியது. மருந்தும் இல்லை, செலவும் இல்லை. கூரையினின்று வெளிவந்ததே மருந்து.

பண்டையோர் இந்த ஆராய்ச்சிகளை அறியார். ஆயினும் அவர்கள் வகுத்த நியமம் வியக்கத்தக்கது. காலைச் சந்தியை விண்மீன்கள் மறையுமுன்னரே தொடங்குக, மாலைச் சந்தியைக் கதிரவன் மறையுமுன்னரே தொடங்குக என்பது அவர்கள் கூறிய உத்தம விதி. நாளின் இரு முனைகளிலும் மனிதன் கூரைக்கு வெளியே வந்து, வானத்தைக் கண்டே ஆகவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அகத்தியர் காட்டிய திசை

பொதிகை அகத்திய முனிவரின் மலை என்பது தமிழர் மரபு. அம்முனிவரின் பெயரை வானிலும் ஒரு மீன் தாங்கிநிற்கிறது. இரவு வானத்தில் ஒளியால் இரண்டாம் இடம் பெறும் அகத்திய மீன் அது. தை, மாசி மாதங்களின் முன்னிரவில் விக்கிரமசிங்கபுரத்தில் நின்று தெற்கே நோக்குபவர், அடிவானுக்கு மேல் 28 பாகை அளவு உயரத்தில் அதனைக் காணலாம். அதற்கு மேலே, அதனினும் ஒளிமிக்கதாய், விண்மீன்களுள் முதலிடம் பெறும் சிரியஸ் விளங்கும்.

அகத்திய மீனின் தொலைவு ஏறத்தாழ 310 ஒளியாண்டு என்று கணித்துள்ளனர். இன்று கண்ணில் படும் அதன் ஒளி, முன்னூறு ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டது. இவ்வூரில் தோன்றி, தமிழ் இலக்கணத்துக்கும் தத்துவத்துக்கும் அரும்பணி ஆற்றிய மாதவச் சிவஞான முனிவர் மறைந்தது 1785-ஆம் ஆண்டில். அதற்கும் பல பத்தாண்டுகள் முன்னரே புறப்பட்ட ஒளி, இன்று மாலை ஆற்றில் கால்நனைத்து நிற்கும் ஒரு யாத்திரிகனின் கண்ணில் வந்து சேர்கிறது. இதனை எண்ணுந்தோறும் "என் குறை, என் பகை, என் பெருமை" என்னும் சொற்கள் தாமே தணிகின்றன. வானம் மனிதனைச் சிறுமைப்படுத்துவதில்லை. அவனுக்கு உரிய அளவை அவனுக்குக் காட்டுகிறது. அகங்காரத்தின் பாரம் இறங்குவதால் வரும் இலேசே, வானைக் காண்பவர் உணரும் இலேசு.

அந்த அகத்தியரே, ஒரு நெருக்கடியில் வானை நோக்கும்படி உபதேசித்த செய்தி வால்மீகி ராமாயணத்தின் யுத்த காண்டத்தில் இருக்கிறது. போரில் களைத்து, சிந்தையில் ஆழ்ந்து நிற்கிறார் இராமபிரான். எதிரே இராவணன் போருக்கு ஆயத்தமாக நிற்கிறான். தேவர்களோடு போர் காண வந்திருந்த அகத்தியர் அருகில் வந்து, ஆதித்ய ஹிருதயம் என்னும் துதியை உபதேசிக்கிறார். இராமபிரான் ஆசமனம் செய்து தூய்மையடைந்து, சூரியனை நோக்கி அதனை ஜபிக்கிறார். பெரும் மகிழ்ச்சி எய்துகிறார். பின்னர் வில்லை எடுக்கிறார், இராவணனை நோக்குகிறார், முன்செல்கிறார்.

இந்த வரிசை ஊன்றி நோக்கத்தக்கது. முதலில் வானத்தில் ஒரு பார்வை. உடனே களத்தில் ஒரு பார்வை. வானைக் கண்டதனால் களம் மறைந்துவிடவில்லை. முன்பு மலைப்பாகத் தோன்றிய களம், இப்போது செய்து முடிக்கத்தக்க கடமையாகத் தோன்றியது. களைத்தவனுக்கு அகத்தியர் காட்டியது தப்பியோடும் வழியன்று, திரும்பிவரும் வழி. (சூரியனை வெறுங்கண்ணால் உற்று நோக்குதல் விழித்திரைக்குக் கேடு என்பதை அன்பர்கள் மறவாதிருத்தல் வேண்டும், திசை நோக்கித் தொழுதலே போதும்.)

வானம் என்னும் ஆசான்

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில், யது மன்னன் ஓர் அவதூதரைச் சந்திக்கிறான். பொருளும் இன்றி, சுற்றமும் இன்றி, இத்துணை ஆனந்தமாக இருப்பது எங்ஙனம் என்று வினவுகிறான். தமக்கு 24 ஆசிரியர்கள் உண்டு என்கிறார் அவதூதர். நிலமும் காற்றும் நீரும் நெருப்பும் தேனீயும் குளவியும் இடம்பெறும் அவ்வரிசையில் வானமும் ஓர் ஆசிரியர். காற்றால் உந்தப்பட்டு மேகங்கள் வருகின்றன, போகின்றன. வானத்தை அவை தீண்டுவதில்லை. காலத்தால் வரும் இன்பதுன்பங்களும் ஆத்மாவை அவ்வாறே தீண்டுவதில்லை என்பதே அவர் கற்ற பாடம். எங்கும் பரவியும் எதிலும் ஒட்டாத வானத்தை ஆத்மாவுக்கு உவமையாக்கிக் கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்திலும் கண்ணபிரான் அருளினான்.

ஒரு சிலர் இதனைத் தவறாகப் பொருள்கொள்வர். ஒட்டாமல் இருத்தல் என்றால் எவர் துன்பத்திலும் பங்குகொள்ளாமல் இருத்தல் என்று கருதுவர். வானம் அவ்வாறு இருக்கிறதா? எதிலும் ஒட்டாத வானமே எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. காற்றுக்கும் இடம் அளிக்கிறது. பறவைக்கும் இடம் அளிக்கிறது. இடியை முழக்கும் மேகத்துக்கும் இடம் அளிக்கிறது. வானத்தை ஆசானாகக் கொண்டவன் பிறர் கோபத்துக்கும், பிறர் அழுகைக்கும், பிறர் அறியாமைக்கும் தன் நெஞ்சில் இடமளிக்கக் கற்றவன்.

இந்நாட்டு மரபு வானை நோக்குதலை ஒருநாளும் தனித்த இன்பமாக விட்டுவிடவில்லை. திருமணத்தில் அம்மி மிதித்தபின் மணமக்களுக்கு அருந்ததியைக் காட்டுகின்றனர்; கண் மேலே செல்கிறது, மனம் இல்லறக் கடமையில் நிலைபெறுகிறது. திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில், சுக்கிரன் உதித்ததையும் வியாழன் மறைந்ததையும் ஆயர் சிறுமியர் கண்டுகொள்கின்றனர். கண்டவர்கள் அந்த அழகில் மயங்கி நின்றுவிடவில்லை. இன்னும் உறங்கும் தோழியை எழுப்பச் செல்கின்றனர். அதே நூலின் நான்காம் பாசுரத்தில் கார்மேகத்தைக் காணும் ஆண்டாள், மேகத்தின் கருமையில் எம்பெருமானின் திருமேனியைக் காண்கிறாள். உலகமெல்லாம் வாழ மழை பொழியவேண்டும் என்றே கேட்கிறாள். தான் கண்ட வானத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமை அங்கும் விளங்குகிறது.

அறிவியல் உலகிலும் இதற்குச் சான்று உண்டு. வானம் நீலமாகத் தோன்றுவது, கதிரவன் ஒளியில் நீலப் பகுதி காற்றின் அணுத்திரள்களில் மிகுதியாகச் சிதறுவதால். கடலின் நீலமும் வானத்தின் நிழலே என்று பெரிய அறிஞர்கள் கருதியிருந்த காலத்தில், தமிழகத்தில் பிறந்த சர் சி.வி. இராமன் 1921-இல் கப்பலில் செல்லுகையில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். வியப்போடு நின்றிருந்தால் அது ஒரு பயணியின் இன்பமாக முடிந்திருக்கும். அவரோ அந்த வியப்பை உழைப்பாக்கினார். நீரே ஒளியைச் சிதறச்செய்கிறது என்று காட்டியதோடு அமையாமல் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவு உலகுக்குக் கிடைத்தது. 1930-இல் நோபல் பரிசும் வந்தது.

கருணையற்ற வானமா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். வானம் எப்போதும் இன்பம் தருவதா? மழை பொய்த்த ஆண்டில் வெளுத்த வானத்தைப் பார்க்கும் உழவனுக்கு மனம் இலேசாகுமா? பெய்து கெடுத்த ஆண்டில் கரிய வானத்தைப் பார்ப்பவனுக்கு அமைதி வருமா?

இந்த ஆட்சேபம் நியாயமானது. ஆற்றங்கரையார் இதனைப் பட்டறிந்தவர்கள். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த மழை அத்தகையது. கடற்கரையூரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது, நெல்லையும் தூத்துக்குடி மாவட்டத்து ஊர்களும் நீரில் மூழ்கின. நவதிருப்பதிகளுள் முதலாவதான ஸ்ரீவைகுண்டத்தின் ரயில் நிலையத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னை செல்லவிருந்த ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. முன்னும் வெள்ளம், பின்னும் வெள்ளம். மேலே பார்த்தால் இருண்ட வானம்.

அந்த வேளையில் அருகிலிருந்த ஊர் மக்கள், தங்கள் வீடுகளையும் மழை விடாத நிலையில், அரிசியும் பொருளும் கொண்டுவந்து அந்தப் பயணிகளுக்குச் சமைத்துப் பரிமாறினர். பெயர் அறியார், ஊர் அறியார், குலம் அறியார். பசித்தவர் என்று மட்டும் அறிந்தனர்.

ஆகவே வானை நோக்குதல் என்பது நல்ல வானத்தை மட்டும் நோக்குதலன்று. நீலவானம் மனிதனுக்கு அவன் சிறியவன் என்பதை இனிமையாகச் சொல்கிறது. கார்வானம் அதையே கடுமையாகச் சொல்கிறது. சிறியவன் என்று உணர்ந்தவனுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அஞ்சித் தன் கூட்டுக்குள் ஒடுங்குவது. மற்றொன்று, தன்னைப்போன்ற இன்னொரு சிறியவனின் கையைப் பற்றிக்கொள்வது. ஸ்ரீவைகுண்டத்தில் அன்று நடந்தது இரண்டாவது. வெள்ளத்தைத் தந்தது வானம். அந்த வெள்ளத்தினூடே சோற்றைச் சுமந்துவந்தது மனிதனின் கை. எம்பெருமானின் கருணையை மேகத்தில் காணாத அந்த இரவில், பயணிகள் அதனை அந்தக் கைகளில் கண்டிருப்பர்.

அயோத்தியில் கண்ட ஒளி

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஆற்றின் தென்கரையில் திருக்குருகூர் என்னும் ஆழ்வார்திருநகரி. கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு முழு விடை இங்கே கிடைக்கிறது.

அண்மையிலுள்ள திருக்கோளூரில் அவதரித்தவர் மதுரகவியாழ்வார். அவர் வடநாட்டு யாத்திரையாக அயோத்தியில் தங்கியிருந்தபோது, ஓர் இரவு தென்திசை வானில் ஒரு பேரொளியைக் கண்டார் என்று குருபரம்பரை கூறுகிறது. மறுநாளும் கண்டார். அது யாது என்று அறியும் வேட்கையால் தெற்கு நோக்கி நடந்தார். ஈராயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. அவரோ வயது முதிர்ந்தவர். திருக்குருகூரை அடைந்தபோது அவ்வொளி அதற்கப்பால் தோன்றவில்லை. அங்கே புளியமரத்தடியில், வாய்பேசாது யோகத்தில் வீற்றிருந்த ஓர் இளம்பருவத்தாரைக் கண்டார். அவரே நம்மாழ்வார். மதுரகவிகள் ஒரு வினாவை விடுத்தார். மௌனம் கலைந்து விடை வந்தது. முதியவர் இளையவரின் திருவடியில் விழுந்தார். அன்றுமுதல் அவருக்கே ஆட்பட்டார்.

மதுரகவிகள் அயோத்தியிலேயே இருந்து, இரவுதோறும் அந்த ஒளியைக் கண்டு களித்திருக்கலாம். அதுவும் பக்தியே என்று உலகம் போற்றியிருக்கும். ஆனால் அவர் நடந்தார். வானில் கண்டதை மண்ணில் தேடினார். தேடிய ஒளியை ஒரு மனிதரின் முகத்தில் கண்டார். அவர் அருளிய கண்ணிநுண்சிறுத்தாம்பின் 11 பாசுரங்களும் நம்மாழ்வாரையே போற்றுகின்றன. வானத்து ஒளியைப் பற்றி ஒரு பிரபந்தமும் அவர் பாடவில்லை. அவ்வொளியின் பணி அவரை ஓர் அடியாரிடம் கொண்டுசேர்ப்பதே. சேர்த்தபின் அது மறைந்தது.

இதுவே உரைகல். மேலே நோக்கிய கண் கீழே திரும்பும்போது யாரைக் காண்கிறது? ஒருவரையும் காணவில்லையெனின், அந்த நோக்கு மயக்கம். முன்பு காணாத ஒருவரை இப்போது காண்கிறதெனின், அது மருந்து.

இக்கால ஆராய்ச்சி ஒன்றும் இதனோடு இயைகிறது. அமெரிக்காவின் பெர்க்லி நகரில், சிலரை வானளாவிய யூகலிப்டஸ் மரங்களின் நடுவே நிறுத்தி ஒரு நிமிடம் அண்ணாந்து நோக்கச் செய்தனர். வேறு சிலரை ஓர் உயர்ந்த கட்டடத்தை நோக்கச் செய்தனர். பின்னர் ஒருவர் தற்செயலாக நிகழ்ந்ததுபோலப் பேனாக்களைக் கீழே தவறவிட்டார். மரங்களை நோக்கி வியந்தவர்களே மிகுதியான பேனாக்களைக் குனிந்து எடுத்துத் தந்தனர். 2015-இல் வெளியான இந்தச் சோதனை சிறியது; ஆயினும் அது சுட்டும் பொருள் பெரியது. வியப்பினால் நிமிர்ந்த தலை, பிறருக்காகக் குனியவும் அறிகிறது. திருவீதியில் கருடனைக் கண்டபின் மூதாட்டிக்குக் கைகொடுத்த இளைஞனுக்கு நேர்ந்ததும் இதுவே.

அடியார்க்கு எளிய நியமம்

2016-இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தின்படி, மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் தம் ஊரிலிருந்து ஆகாச கங்கை என்னும் பால்வீதியைக் காண இயலாதவர்கள். உலகளந்த திருவடியினின்று பெருகியதாகப் பெரியோர் போற்றும் கங்கையின் பெயர் வழங்க, அதன் காட்சி மின்விளக்குகளின் மிகுதியால் கண்ணுக்கு மறைந்துபோயிற்று. பொதிகையடிவாரத்தில் இன்னும் அந்த அளவுக்கு வறுமை வரவில்லை. மேற்கே பரந்து கிடக்கும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக் காட்டில் விளக்குகள் அரிது. நிலவில்லா இரவில் வீட்டு விளக்கை அணைத்து முற்றத்தில் நின்றால் வானம் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

இதற்கென அரிய தவம் வேண்டுவதில்லை. காலையில் கண்விழித்ததும் கைப்பேசியைத் தேடுமுன் வாசலுக்கு வந்து கீழ்வானைச் சிறிது நேரம் காணுதல். மாலையில் மலைக்குப் பின் ஒளி அடங்குவதைக் கண்டபின் விளக்கேற்றுதல். உறங்குமுன் ஒருமுறை விண்மீன்களைக் காணுதல். ஆலையிலும் திண்ணையிலும் வயலிலும் குனிந்து உழைப்போர், இடையிடையே கழுத்தை நிமிர்த்தித் தொலைவானில் பார்வையைச் செலுத்துதல். இவற்றுக்குக் காசும் வேண்டா, குலமும் வேண்டா, கல்வியும் வேண்டா. ஆனால் ஒவ்வொரு முறையும் பார்வை மண்ணுக்குத் திரும்பும்போது, "இன்று என் கையை எதிர்நோக்கி இருப்பவர் யார்?" என்னும் ஒரு கேள்வியை நெஞ்சில் எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். கேள்வி இல்லாத நோக்கு பாதி நோக்கே.

இன்னொன்றும் கூறத்தக்கது. சிலருடைய சோர்வு நாள்கணக்கில் நீடித்து, உணவையும் உறக்கத்தையும் பறித்து, வாழவே வேண்டா என்னும் எண்ணத்தையும் தரும். அது நோய், அதற்கு மருத்துவர் வேண்டும். அத்தகையவரிடம் "வானத்தைப் பார், சரியாகிவிடும்" என்று கூறிவிட்டு அகல்வது தர்மமாகாது. அவர் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே வானை உண்மையாகப் பார்த்தவன் செய்யும் காரியம்.

பெரியாழ்வார், யசோதைப் பிராட்டியின் நிலையில் நின்று, குழந்தைக் கண்ணனோடு விளையாட வருமாறு அம்புலியை அழைத்து ஒரு பதிகம் பாடினார். இன்றும் தமிழ்நாட்டு முற்றங்களில் தாய்மார் அதையே செய்கின்றனர். இடுப்பில் குழந்தை, ஒரு கை நிலவைக் காட்டுகிறது, மறுகை சோற்றை ஊட்டுகிறது. காட்டும் கை இல்லையேல் குழந்தை உண்ணாது. ஊட்டும் கை இல்லையேல் நிலவு பசியைத் தீர்க்காது. இரண்டு கைகளும் ஓருடம்பில் இருக்கும் வரையில் அத்தாய்க்கு வானமும் பகையன்று, மண்ணும் பாரமன்று.

திருவிழாவைச் சேவித்து ஊர் திரும்பும் அன்பர்கள், வழியில் ஒருமுறை பொதிகைக்கு மேலுள்ள வானத்தை நிமிர்ந்து நோக்குவார்களாக. நோக்கிய கண்ணில் எம்பெருமானின் நீலத்திருமேனி நிறைவதாக. அந்நிறைவோடு திரும்பும் பார்வையில், அருகே நடப்பவரின் களைத்த முகமும் தெரிவதாக. வானம் காணும் கண்ணையும், வழிநடக்கும் காலையும், ஊட்டும் கையையும் திருமால் எல்லார்க்கும் அருளுவானாக.